அத்திவாரக் கல்லுக்குக் கீழே



ஐம்பத்தைந்து வயதை எட்டிக்கொண்டிருக்கும் பாடசாலை அதிபர் ஒருவர் சனிக்கிழமை விடியற்காலையிலே குடையும் குறிப்புப் புத்தகமுமாகப் பஸ் தரிப்பிடத்தில் நிற்பதைக் கண்டால், "ஐயா, எங்கே பயணம்?" என்று விசாரிப்பது நமது மலைநாட்டு மக்களின் வழக்கம். "வகுப்புக்குப் போகின்றேன்" என்று நான் விடை சொன்னால், "லீவு நாளிலும் பிள்ளைகளுக்கு வகுப்பா?" என்று கேட்பார்கள். "பிள்ளைகளுக்கு அல்ல, எனக்குத்தான் வகுப்பு" என்றதும் ஒரு சிரிப்பு எழும். அந்தச் சிரிப்பிலே ஏளனம் இல்லை, வியப்பே உண்டு. படித்து முடித்தவர் என்று தாங்கள் நினைத்திருந்த ஒருவர் மறுபடியும் படிக்கப் போகின்றாரே என்ற வியப்பு அது.

கலைமாணிப் பட்டம் பெற்று ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழிந்தபின் கல்வி முதுமாணி வகுப்பிலே நான் மாணவனாகச் சேர்ந்தேன். எனக்கு முன் வாங்கிலே அமர்ந்திருந்தவர் ஒரு காலத்தில் என்னிடம் எட்டாம் வகுப்பிலே தமிழ் படித்தவர். இன்று அவரும் ஆசிரியர். விரிவுரையாளரோ என்னிலும் பதினைந்து வயது இளைய அம்மையார். முதல் நாள் அவர் வகுப்பினுள் நுழைந்ததும் பழைய பழக்கத்தினால் நான் எழுந்து நின்றுவிட்டேன். என்னைக் கண்டு என் பழைய மாணவரும் எழுந்தார். அவர் எழுந்தது விரிவுரையாளருக்காகவா, எனக்காகவா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

எங்களுக்கு முதலாவது வைக்கப்பட்ட பாடம் 'கல்வியின் அடிப்படைகள்' என்பது. ஆசிரியர் ஒருவர் எதைக் கற்பிக்க வேண்டும், எப்படிக் கற்பிக்க வேண்டும் என்பவற்றைக் கூறும் பாடங்கள் பல உண்டு. இந்தப் பாடமோ, ஏன் கற்பிக்கின்றோம், யாருக்குக் கற்பிக்கின்றோம், இந்தப் பாடசாலை எனப்படுவது எங்கிருந்து வந்தது என்று கேட்கின்றது. தத்துவம், வரலாறு, சமூகவியல், உளவியல் என்ற நான்கு துறைகளையும் ஒரே பந்தியில் இருத்தி, ஆசிரியர்களுக்குப் பொதுப் பாடமாக்கும் முயற்சி 1930களில் நியூயோர்க் நகரிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியிலே உருவாயிற்று. உலகப் பொருளாதார மந்தத்தால் மக்கள் தொழிலிழந்து வாடிய காலம் அது. நாடு தத்தளிக்கும்போது ஆசிரியன் பாடப்புத்தகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கலாமா என்று கிலப்பற்றிக் முதலிய அறிஞர்கள் கேட்டதன் விளைவே அந்தப் பாடம்.

இரண்டாம் வாரம் விரிவுரையாளர் ஒவ்வொருவரையும் ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் பாடசாலையின் அத்திவாரம் எந்த ஆண்டில் இடப்பட்டது?" என்பதே அது. என் முறை வந்தது. எங்கள் பாடசாலையின் பிரதான மண்டபச் சுவரிலே பதித்திருக்கும் கல்லை நாள்தோறும் பார்ப்பவன் நான். ஆகவே, "1983" என்று தயக்கமின்றிச் சொன்னேன். "அதற்கு முன்னர் அங்கே என்ன இருந்தது?" என்று அவர் கேட்டார். "ஒன்றுமில்லை, ஒரு பழைய தோட்டப் பள்ளிக்கூடம் இருந்தது" என்றேன். சொல்லிய கணமே என் நாவைக் கடித்துக்கொண்டேன். அந்த 'ஒன்றுமில்லை'யிலேதான் நான் அகரம் எழுதப் படித்தேன். "அந்த ஒன்றுமில்லையைப் பற்றியே உங்கள் ஒப்படையை எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார் அம்மையார்.

நேயர்களே, அந்த ஒப்படைக்காக நான் தேடிக் கண்டவற்றிற் சிலவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

இலங்கையின் மலைச்சரிவுகளிலே கோப்பிப் பயிர்ச்செய்கை பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே பரவியது. காடு வெட்டவும் கன்று நாட்டவும் கோப்பிப் பழம் பறிக்கவும் தமிழகத்தின் மாவட்டங்களிலிருந்து மக்கள் வந்தார்கள். 1867இல் ஜேம்ஸ் ரெய்லர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் லூல்கந்துரைத் தோட்டத்திலே தேயிலை பயிரிட்டார். 1869 முதல் கோப்பியைப் பற்றிய இலைநோய் அப்பயிரை அழிக்க, அடுத்த இரு பத்தாண்டுகளில் மலைநாடு தேயிலை நாடாயிற்று. கோப்பி பருவகாலப் பயிர். பழம் பறித்து முடிந்ததும் மக்கள் பலர் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் பயிர். எனவே தாய், தந்தை, பிள்ளை, பாட்டி என்று குடும்பம் முழுவதும் லயத்திலே தங்கவேண்டியதாயிற்று. குடும்பம் தங்கியதும் பிள்ளைகள் பிறந்தார்கள். பிள்ளைகள் பிறந்ததும், அவர்கள் படிப்பது எங்கே என்ற கேள்வியும் உடன் பிறந்தது.

அக்கேள்விக்கு முதல் விடை சொன்னவர்கள் யார்? அரசாங்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது பிழை. சமயத்தொண்டர்கள் ஓரளவு விடை சொன்னார்கள். 1854இல் தொடங்கிய 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற அமைப்பு, தோட்டத்துரைமார் சிலரின் பண உதவியோடு ஆங்காங்கே சிறு பள்ளிகளை நடத்தியது. அந்த மக்களை அக்காலம் எந்தப் பெயரால் அழைத்தது என்பதை அந்த அமைப்பின் பெயரே நமக்குச் சொல்லிவிடுகின்றது.

ஆனால் சமயத்தொண்டர் எட்டாத தோட்டங்களிலே வேறொரு விடை இருந்தது. பகலெல்லாம் மலையிலே உழைத்துத் திரும்பிய மக்களுள் எழுத்தறிந்த ஒருவர், கங்காணியோ தொழிலாளியோ, மாலையிலே லயத்து இஸ்தோப்பில் அமர்ந்து பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். தமிழ்நாட்டுக் கிராமத்துத் திண்ணைப் பள்ளிக்கூடமே கடல் கடந்து, மலையேறி, லயத்து வாசலுக்கு வந்துவிட்டது. இவற்றை ஆய்வாளர்கள் 'லயப் பள்ளிகள்' என்பர். இவற்றைச் சட்டம் கேட்கவில்லை. எந்தத் திணைக்களமும் நடத்தவில்லை. பெற்றோரே கேட்டார்கள், தம் வறுமையிலிருந்து ஏதோ கொடுத்து நடத்தினார்கள். இந்தச் செய்தியை நேயர்கள் மனத்திலே குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்குத் திரும்ப வருவேன்.

அரசாங்கம் என்ன செய்தது? 1869இல் இலங்கையிலே பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டது. தனியார் பாடசாலைகளுக்கு உதவி நன்கொடை வழங்கும் முறை வந்தது. பிள்ளைகள் பரீட்சையிலே பெறும் பேற்றுக்குத் தக்கபடி பணம் என்பது அதன் விதி. இங்கிலாந்திலே 1862இல் றொபேட் லோ என்பவர் புகுத்திய முறையின் சாயல் இது. சமயச் சபைகளும் சங்கங்களும் இருந்த இடங்களிலே இம்முறை பாடசாலைகளை வளர்த்தது. யாழ்ப்பாணத்திலே 1823 முதல் 1855 வரை வட்டுக்கோட்டைச் செமினரி இயங்கியது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நடத்திய முதலாவது கலைமாணிப் பரீட்சையிலே சித்தியெய்திய சி. வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை ஆகிய இருவருமே வட்டுக்கோட்டையிலே பயின்றவர்கள். ஒரே தீவு, ஒரே மொழி. ஓரிடத்திலே பட்டதாரிகள் எழுந்துகொண்டிருந்த காலத்திலே இன்னோரிடத்திலே இஸ்தோப்பு வெளிச்சத்திலே அரிச்சுவடி ஒலித்துக்கொண்டிருந்தது. வேறுபாடு மக்களின் மூளையிலே இல்லை. அவர்கள் நின்ற நிலத்தின் உரிமையிலே இருந்தது. தோட்டத்திலே நிலம் துரையினுடையது; பாதை துரையினுடையது; பிள்ளையின் பொழுதும் துரையினுடையதே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இக்குறை வெளிச்சத்துக்கு வந்தது. 1905இல் வேஸ் என்பவரின் தலைமையிலே ஆரம்பக் கல்வி பற்றி ஆராய ஆணைக்குழு ஒன்று அமைந்தது. அதன் பயனாக 1907இல் கிராமப் பாடசாலைகள் பற்றிய கட்டளைச் சட்டம் பிறந்தது. தோட்டத்திலே வாழும் ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பது தோட்டத்துரையின் கடமை என்று அச்சட்டம் விதித்தது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டமும் அக்கடமையை மீண்டும் வற்புறுத்தியது.

இந்தச் சட்டத்தை முதன்முதலிலே வாசித்தபோது நான் மகிழ்ந்தேன். இரண்டாம் முறை வாசித்தபோது 'பத்து' என்ற எண்ணிலே என் கண் நின்றுவிட்டது. ஏன் பத்து? பத்து வயதுக்குப் பின் பிள்ளையின் அறிவு நின்றுவிடுமா? நின்றுவிடாது. பத்து வயதுக்குப் பின் பிள்ளையின் கை கொழுந்துக் கூடைக்குப் பயன்படத் தொடங்கும்; அதுதான் காரணம். படித்த பிள்ளை மலைக்கு வேலைக்குப் போக விரும்பாது என்ற அச்சம் துரைமாரிடையே இருந்தது. பள்ளிக்கூடமும் வேண்டும், அது பிள்ளையைத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய்விடவும் கூடாது. இந்த இரண்டு விருப்பங்களுக்கும் நடுவிலே ஓடிய கோடுதான் அந்தப் 'பத்து'.

துரைமாரின் தாய்நாட்டிலே அக்காலத்தில் நிலை என்ன? ரெய்லரும் அவரைப் போன்ற பல தோட்டத்துரைமாரும் ஸ்கொத்லாந்திலிருந்து வந்தவர்கள். அங்கே 1872ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து வயது முதல் பதின்மூன்று வயதுவரை கல்வியைக் கட்டாயமாக்கியிருந்தது. அதே ஸ்கொத்லாந்திலே, நியூ லனாக் என்னும் ஊரிலே, பஞ்சாலை நடத்திய றொபேட் ஓவன் என்பவர் 1816இலேயே தம் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்று கல்விக்கூடமொன்றைத் திறந்தார். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளையை ஆலையிலே வேலைக்கு எடுப்பதில்லை என்பது அவருடைய கொள்கை. ஆலை முதலாளியே பள்ளிக்கூடத்தையும் நடத்துவதிலுள்ள குறைகள் அவரிடத்திலும் இருந்தன. ஆயினும் தொழிலாளியின் பிள்ளையும் பாட்டும் ஆட்டமும் புவியியலும் கற்கவேண்டும் என்று அவர் கருதினார். ஆக, அறிவு இல்லாமையால் அன்று அந்தப் 'பத்து' எழுதப்படவில்லை. தம் ஊர்ப் பிள்ளைக்கு ஓர் அளவுகோல், தோட்டத்துப் பிள்ளைக்கு இன்னோர் அளவுகோல் என்று எண்ணியதால் எழுதப்பட்டது.

சட்டம் வந்தபின் பள்ளிகள் மெல்ல மெல்லப் பெருகின. இந்திய அரசாங்கம் 1922இல் குடிபெயர்வுச் சட்டத்தை இயற்றி, அடுத்த ஆண்டு முதல் கண்டியிலே ஒரு முகவரை இருத்தியது. தோட்டத்து மக்களின் நிலைபற்றி அவர் ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார். அவற்றிலே பள்ளிக்கூடங்களும் இடம்பெற்றன. கோ. நடேசய்யர் போன்ற தொழிற்சங்கத் தலைவர்கள் பத்திரிகையிலும் மேடையிலும் சட்டசபையிலும் இம்மக்களுக்காக வாதாடினார்கள். ஆயினும் பெரும்பாலான தோட்டப் பள்ளி என்பது ஒரு கூடம், ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள் என்ற அளவிலேயே நின்றது.

இனி நாம் அனைவரும் பெருமையோடு நினைவுகூரும் நிகழ்ச்சிக்கு வருவோம். கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் தலைமையிலே அமைந்த விசேட குழு 1943இலே தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் அடிப்படையிலே 1945 ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம்வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஏழைக் கமக்காரனின் மகன் வைத்தியனானான். மீனவனின் மகள் ஆசிரியையானாள். ஆசியாவிலே பல நாடுகள் கனவிலும் காணாத காரியம் அது. நானும் அந்த இலவசக் கல்வியின் பிள்ளையே. பல்கலைக்கழகத்திலே ஒரு சதமும் கட்டணம் செலுத்தாமற் பட்டம் பெற்றவன். அதற்கு நான் என்றும் நன்றியுடையேன்.

ஆனால் நன்றியுணர்ச்சி உண்மையை மறைத்தல் ஆகாது. 1945இலே திறந்த அந்தப் பெருங்கதவு தோட்டத்துப் பிள்ளைக்குத் திறக்கவில்லை. தோட்டப் பள்ளிகள் துரைமாரின் பொறுப்பிலேயே விடப்பட்டன. 1948இலே வந்த பிரசாவுரிமைச் சட்டத்தால் அப்பிள்ளைகளின் பெற்றோரிற் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். தொடர்ந்து வாக்குரிமையையும் இழந்தனர். வாக்கு இல்லாதவனின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கேட்க யார் உளர்? கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் 1947இலே மலையக மக்களின் வாக்குகளாற் பாராளுமன்றம் சென்றார்கள். அடுத்த தேர்தலிலே அந்த வாக்குகளே இல்லை. 1960, 1961ஆம் ஆண்டுகளிலே உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. அப்போதும் தோட்டப் பள்ளிகள் ஒரு பக்கத்தில் ஒதுங்கியே நின்றன. 1964இலே செய்யப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், யார் போவது, யார் இருப்பது என்ற கேள்வியை ஒவ்வொரு லயத்து வாசலிலும் கொண்டுவந்து வைத்தது. எந்த நாட்டிலே வாழப்போகின்றோம் என்று அறியாத குடும்பம், எந்த நாட்டுப் பாடத்தைப் பிள்ளைக்குப் படிப்பிக்கும்?

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதன் பின்னரே, 1977 தொடக்கம் கட்டங்கட்டமாக, தோட்டப் பள்ளிகள் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தன. இலவசக் கல்வி பிறந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட காலம் அது.

இந்த இடத்திலே வரலாறு என் வாழ்க்கையோடு வந்து கலக்கின்றது.

1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சம் நீங்கிய பின்னர், 1976இலே என்னைத் தோட்டப் பள்ளியிலே சேர்த்தார்கள். என் தந்தையார் கவ்வாத்து வெட்டுபவர். தாயார் கொழுந்து பறிப்பவர். அரைச்சுவரும் தகரக் கூரையுமாக ஒரே கூடம். ஒரு மூலையில் முதலாம் வகுப்பு, எதிர் மூலையில் ஐந்தாம் வகுப்பு. மழை பெய்தால் தகரத்தின் ஓசையிலே வாத்தியாரின் குரல் கேளாது. அவர் கரும்பலகையிலே எழுதிவிட்டு எங்களை எழுதச் சொல்லிக் கூடத்தைச் சுற்றி நடப்பார். அவர் பாடசாலைக்கு மட்டும் வாத்தியார் அல்லர். லயத்து மக்களுக்குக் கடிதம் எழுதுபவரும் அவரே. இந்தியாவிலிருந்து வரும் கடிதத்தை வாசித்துச் சொல்பவரும் அவரே. காமன் கூத்துக்கு நாள் குறிப்பவரும் அவரே. சம்பளத்துக்கு அவர் தோட்டக் கந்தோர் வாசலிலே நிற்பதை நான் பார்த்திருக்கின்றேன். எங்கள் பள்ளி அரசாங்கப் பாடசாலையானபோது பெயர்ப்பலகை மாறியது. ஆனால் சிறுவனான எனக்குத் தெரிந்த மாற்றம் ஒன்றுதான். வாத்தியார் அதன் பின்னர் தோட்டக் கந்தோர் வாசலிலே நிற்கவில்லை.

1980இலே அரசாங்கம் இலவசப் பாடநூல்களை வழங்கியது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. கை படாத ஒரு புதுப் புத்தகம் என் பெயருக்கென்று கிடைத்தது அன்றுதான். என் தாயார் அதைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, மாவுப் பையைக் கத்தரித்து உறை போட்டார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரியாத ஒருவர் புத்தகத்தை அவ்வளவு மரியாதையோடு தொட்டதை நான் பின்னர் எந்த நூலகத்திலும் கண்டதில்லை.

பின்பு 1980களிலே மலையக இளைஞர்கள் பெருந்தொகையாக ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டனர். சுவீடன் நாட்டின் உதவியோடு பள்ளிக்கூடங்களுக்குப் புதுக் கட்டடங்கள் எழுந்தன. 1990களிலே பத்தனையிலே ஸ்ரீபாதக் கல்வியியற் கல்லூரி தோன்றி ஆசிரியர்களைப் பயிற்றியது. 2003ஆம் ஆண்டின் சட்டம் நாடற்றோராக எஞ்சியிருந்தோர்க்கும் பிரசாவுரிமையை அளித்தது. எங்கள் பாடசாலையும் வளர்ந்தது. உயர்தர வகுப்புவரை உயர்ந்தது. அதற்கு நானே அதிபராகவும் வந்தேன். இவ்வளவையும் ஒப்படையிலே எழுதி முடித்து, 'வளர்ச்சி' என்று தலைப்பிட்டுக் கையளித்திருந்தால் எனக்கு நல்ல புள்ளி கிடைத்திருக்கும். ஆனால் அப்படி முடிக்க என்னால் இயலவில்லை.

காரணத்தைச் சொல்லுகின்றேன். ஒப்படைக்காகப் பாடசாலையின் பழைய தகர அலுமாரியைத் திறந்து, தோட்டப் பள்ளிக் காலத்துச் சேர்விடாப்பை எடுத்துப் பார்த்தேன். கறையான் தின்றதுபோக எஞ்சிய பக்கங்களிலே பிள்ளைகளின் பெயர்களும், சேர்ந்த நாளும், விலகிய நாளும் இருந்தன. விலகிய காரணம் என்ற பத்தியிலே ஒரே கையெழுத்தில், ஒரே சொற்றொடர் மேலிருந்து கீழாக வந்துகொண்டிருந்தது. 'பெற்றோரின் அக்கறையின்மை' என்பதே அது. விலகிய நாள்களைக் கூர்ந்து பார்த்தேன். பலவும் கொழுந்து மிகுந்து கிடைக்கும் மாதங்கள். விலகிய வயதைப் பார்த்தேன். பெரும்பாலும் பத்து அல்லது பதினொன்று. சட்டத்திலே இருந்த 'பத்து' இங்கே பெற்றோரின் தலையிலே வந்து விழுந்திருந்தது!

நெஞ்சு சற்றுப் படபடக்க, நடப்புச் சேர்விடாப்பையும் எடுத்தேன். அதிலே இருந்தது என் கையெழுத்து. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பெயரை நீக்கியிருந்தேன். பல வாரங்களாக அவள் வரவில்லை. கடிதம் அனுப்பியும் யாரும் வரவில்லை. விதிப்படி நீக்கினேன். காரணம் என்ற பத்தியிலே நான் எழுதியிருந்தது என்ன தெரியுமா, நேயர்களே? 'பெற்றோரின் அக்கறையின்மை.' பழைய இடாப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதே சொற்றொடர் என் பேனாவுக்கு எங்கிருந்து வந்தது? அத்திவாரம் என்பது கல்லிலும் சாந்திலும் மட்டும் இருப்பதன்று என்பதை அப்போதுதான் நான் கண்டேன். துரையின் காலத்திலே இடப்பட்ட ஓர் எண்ணம், துரை போய், கம்பனி வந்து, அரசாங்கம் வந்து, கடைசியிலே கொழுந்து பறித்தவளின் மகனாகிய என் கையினாலேயே மீண்டும் எழுதப்பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மாணவியின் லயத்துக்குப் போனேன். பாட்டியார் மட்டும் வீட்டில் இருந்தார். பிள்ளையின் தாய் வெளிநாட்டிலே வீட்டுப் பணிக்குப் போனபின், கைக்குழந்தையான தம்பியைப் பார்ப்பதற்கு வேறு ஆளின்மையால் அவள் பாடசாலையை விட்டிருக்கின்றாள். பின்பு கொழும்பிலே ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். நான் அனுப்பிய கடிதம் சுவரிலே சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகப்பட்டிருந்தது. அதை வாசிக்க வீட்டில் ஆளில்லை. பாட்டியார் எனக்குத் தேநீர் தந்துவிட்டு, குறையாகச் சொல்லாமல், சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னார்: "அன்னைக்கே ஒரு எட்டு வந்து கேட்டிருக்கலாமே, ஐயா."

நேயர்களே, அந்த வாக்கியத்துக்கு என்னிடம் விடையில்லை. இஸ்தோப்பிலே இருட்டில் அரிச்சுவடி கேட்ட மக்களின் பேத்தியார் அவர். சட்டம் கேட்பதற்கு முன்னரே பள்ளிக்கூடம் கேட்ட மக்களை 'அக்கறையற்றவர்' என்று ஒரு நூற்றாண்டாக நாம் எழுதிவந்திருக்கின்றோம்.

பிரேசில் நாட்டிலே பவுலோ பிரெய்ரி என்ற ஆசிரியர் 1963இல் அங்கிக்கோஸ் என்னும் சிற்றூரிலே ஏறக்குறைய முந்நூறு தொழிலாளருக்கு நாற்பது மணி நேரப் பாடத்திலே எழுத்தறிவித்தார். அவர் அரிச்சுவடியோடு தொடங்கவில்லை. அம்மக்கள் தம் உழைப்பிலும் வீட்டிலும் நாளும் வழங்கும் சொற்களை முதலிலே கேட்டறிந்து, அச்சொற்களையே முதற்பாடமாக்கினார். கற்பிக்கப் போகிறவன் முதலிலே கேட்கவேண்டும் என்பதே அவருடைய முறையின் உயிர். பட்டப்பின் படிப்பிலே நான் கற்ற கோட்பாடுகள் பல. டூயியின் அனுபவக் கல்வியைக் கற்றேன். பெஸ்தலோசி அநாதைப் பிள்ளைகளோடு வாழ்ந்து கண்ட உண்மைகளைக் கற்றேன். அவையனைத்தும் அந்தப் பாட்டியாரின் ஒற்றை வாக்கியத்துக்கு எழுதப்பட்ட விரிவுரைகளாகவே எனக்கு இப்போது தோன்றுகின்றன.

ஒப்படையை எழுதி முடித்தேன். 'வளர்ச்சி' என்ற தலைப்பை நீக்கிவிட்டு, இரண்டு இடாப்புகளின் கதையையும் உள்ளபடி எழுதினேன். எங்கள் பாடசாலையிலே இப்போது ஒரு சிறு வழக்கத்தை ஏற்படுத்தியிருக்கின்றோம். பிள்ளையின் வீட்டுக்கு ஓர் ஆசிரியர் நேரிலே சென்று கேட்டறியாமல் எந்தப் பெயரையும் இடாப்பிலிருந்து நீக்குவதில்லை. 'அக்கறையின்மை' என்ற சொல்லை அந்தப் பத்தியிலே எழுதுவதுமில்லை. கண்டதையும் கேட்டதையும் எழுதுகின்றோம். இதனாற் பிள்ளைகள் எல்லாரும் திரும்பிவிட்டார்கள் என்று நான் சொல்லவரவில்லை. சிலர் திரும்பினர், சிலர் திரும்பவில்லை. கொழும்புக்குப் போன அந்த மாணவி இன்னும் திரும்பவில்லை. அவளுடைய தம்பிக்கு அடுத்த ஆண்டு முதலாம் வகுப்பு.

ஆசிரியத் தொழிலிலே நீண்டகாலம் இருப்பவர்களுக்கு நான் பணிவோடு சொல்லக்கூடியது ஒன்றுண்டு. பட்டத்துக்காக அல்லாவிடினும், பதவியுயர்வுக்காக அல்லாவிடினும், ஒருமுறை மாணவனாக மறுபடியும் வாங்கிலே இருந்து பாருங்கள். உங்கள் பாடசாலையின் சுவரிலே பதித்திருக்கும் அத்திவாரக் கல்லின் ஆண்டை வாசித்தபின், அதற்கு முன்னர் அங்கே என்ன இருந்தது என்றும் கேட்டுப் பாருங்கள். 'ஒன்றுமில்லை' என்ற விடை வருமாயின், அங்கிருந்துதான் தேடத் தொடங்கவேண்டும்.

சனிக்கிழமை வகுப்புகள் முடிய இன்னும் ஒரு தவணை இருக்கின்றது. என் பழைய மாணவர் இப்போதும் எனக்கு முன் வாங்கிலேதான் இருக்கின்றார். போன வாரம் என் குறிப்பிலே நான் விட்ட ஒரு பிழையை அவர் திருத்தித் தந்தார்.